ஐந்நூற்று நாற்பத்து மூன்று ஆண்டு முந்திப்போன இயந்திரம்

…நான்காவது பென்டிரைவும் அதையேதான் சொல்லும், சொல்லாமல் என்ன செய்யும், கோளாறு பென்டிரைவில் இருந்தால்தானே, ஆனாலும் நிருத் அதை எடுத்து வாயால் ஊதினான், சட்டை நுனியில் துடைத்தான், உள்ளே ஏதோ பூச்சி புகுந்துவிட்டதைப் போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான், பிறகு சர்வரின் முதுகில் செருகிப் பொத்தானை அழுத்தினான். திரை கறுத்தது, வெளுத்தது, நடுவில் சிவப்புக் கட்டம் வந்தது. கையெழுத்துச் செல்லாது, உள்ளே விடுவதற்கில்லை. கட்டத்தைப் பார்த்து 'சே' என்றான், கொஞ்சம் சத்தமாகவே, பின்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கும் கேட்கட்டும் என்று. இரண்டு பேருக்குமா? ஒருவருக்குத்தான், மற்றவருக்குக் காது கேட்காது என்று தா மக்காம் ஊரே சொல்கிறது, அப்படிச் சொல்ல வைத்தது யார்… வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், இப்போது லினக்ஸ், லினக்ஸை ஏற்ற வேண்டும், நாலு மணிக்கு மேலணையைத் திறக்கிறார்கள், அதற்குள் இந்த இயந்திரம் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எழுப்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நிஜமாகச் செய்தால் இருபது நிமிடம். நிருத் காலை எட்டரையிலிருந்து செய்துகொண்டிருக்கிறான், இப்போது மணி பதினொன்று. இப்படிக் கண்ணும் கருத்துமாக ஒரு வேலையை நடக்கவிடாமல் பார்த்துக்கொள்வது, வேலை செய்வதைவிடப் பெரிய பாடு, இதற்குத் தனியாகப் படி தர வேண்டும்.

"என்ன தம்பி, இதுவும் செத்துப்போச்சா?" என்றாள் சோம்ஸ்ரீ அக்கா. மதகு அலுவலகத்தின் தலைவி. எதைப் பற்றிக் கேட்டாலும் ஸ்டேப்ளரைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பாள். அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஆகஸ்ட் வெள்ளத்தைப் பற்றிய அறிக்கை இருக்கிறது, பதினோரு பக்கம், கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு, கோட்டின் மேல் வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்கு வேண்டியவர் ஜன்னலோரத்து பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் சுட்ட வாழைப்பழப் பையும் காதிடுக்கில் பேனாவுமாக, இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தோங்பான் பெரியப்பா. முப்பத்தொரு வருஷம் மதகுக் கொட்டகையில் நீர்மட்டம் பார்த்தவர், ஏழு வாரமாக அலுவலகத்துக்கு எதிரே வாழைப்பழம் சுடுகிறவர். 'கையெழுத்தப் போட்டுட்டுப் போங்களேன் பெரியப்பா, பன்னிரண்டு மணிக்கு அறிக்கைய எடுத்துட்டுப் போக மாகாணத்து வண்டி வந்துடும்' என்று அக்கா காலையிலேயே சொல்லிவிட்டாள். அவரோ, 'இருக்கட்டும்மா, முதல்ல மிஷின் எந்திரிக்கட்டும், ஒரு சீவன் படுத்துக் கெடக்கறப்ப பக்கத்துல உக்காந்து கையெழுத்துப் போடறது நல்லா இருக்காது' என்றார். இயந்திரம் எழுந்தால் அவர் கையெழுத்துப் போடுவார். போட்டால் வெள்ள மணி அடித்தும் அவர் தூங்கினார் என்பது அரசாங்கத்துக்கு உண்மையாகிவிடும், இனி மதகுப் பக்கம் போக முடியாது. அதனால்தான் நான்கு பென்டிரைவ். ஐந்தாவது இருக்கிறதா? இல்லை. கேபிளை மாற்றலாம், ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது, மறுபடி பழைய கேபிளுக்கே மாற்றலாம்.

"பென்டிரைவ் நல்லாத்தான்க்கா இருக்கு. உள்ள ஒரு காவல்காரன் இருக்கான், செக்யூர் பூட்டுன்னு. அவன் முத்திரை பாக்கறான், தெரியாதவனை விடமாட்டேங்கறான்."

"அந்தக் காவல்காரனைத் தூங்கச் சொல்லு. நம்ம ஊர்ல அதுக்கா ஆள் இல்ல" என்று அக்கா சொல்லிவிட்டு, ஜன்னலோரம் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரியப்பா காதைக் குவித்து, "ஆ?" என்றார். "ஒண்ணுமில்ல பெரியப்பா!" என்று அவள் கத்திய கத்தலில் கூரையிலிருந்து ஒரு புறா கிளம்பிப் போயிற்று.

காவல்காரனைத் தூங்க வைக்க பயாஸுக்குள் போக வேண்டும், இயந்திரத்தின் அடிமனசு அது, நினைவு வட்டை மாற்றினாலும் மாறாதது. கோளாறென்று பழைய வட்டைப் போன திங்கட்கிழமையே கழற்றி மாகாணத்துக்கு அனுப்பி அங்கே பொடி செய்துவிட்டார்கள். அடிமனசு மட்டும் அப்படியே இருக்கிறது, வாசலில் ஒரு பாஸ்வேர்டுடன். பாஸ்வேர்டு தலைமையகத்துக்காரர்கள் போட்டது, கேட்டு எழுதியிருக்கிறேன் என்று நிருத் அக்காவிடம் சொல்லியிருக்கிறான். எழுதவில்லை. போட்டவன் அவன், பன்றி வளர்க்கும் சோம்போங்கின் பெயரும் பதினேழு என்ற எண்ணும், வெள்ளத்துக்கு மறுநாள் போட்டது, யாருக்கும் அது தோன்றாது, அவனுக்கு மறக்காது. யாரும் சாகவில்லை, அதைத் தினமும் பல் தேய்க்கும்போது சொல்லிக்கொள்கிறான், யாரும் சாகவில்லை, சோம்போங்கின் பதினேழு பன்றிகளைத் தவிர. புன்மீ அத்தையின் ஐஸ்கிரீம் பெட்டி சந்தையிலிருந்து மிதந்து, இரண்டு வளைவு தாண்டி, கோயில் படித்துறையில் போய் ஒதுங்கிற்று, பிக்குகள் திறந்து பார்த்தபோது ஒரு குச்சிகூட உருகவில்லை, மத்தியானத்துக்கு மேல் உண்ணக்கூடாது என்று அவர்களுக்கு விதி, அதனால் சுற்றி உட்கார்ந்து அது உருகுவதைப் பார்த்தார்களாம், அன்றைக்குத் தியானம் நன்றாக அமைந்தது என்று மூத்த பிக்கு சொன்னாராம். ஊர் இதைச் சொல்லிச் சிரிக்கிறது. சிரிக்கட்டும், சிரித்தால் நல்லதுதானே, சிரிக்கிற ஊர் யாரையும் தேடாது… தேடத்தான் என்ன இருக்கிறது, ஆள்தான் கிடைத்துவிட்டாரே.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, இந்த இயந்திரம் புதிதாக வந்தபோது, அட்டைப்பெட்டி வாசனையோடு இதே மேசையில் வைத்து முதல் தடவை திறந்தான். அக்கா சாமந்தி மாலை போட்டாள், வாசலில் காவல் ஆவிக்குக் கட்டிய குட்டிக் கோயிலுக்கு வைக்கிற சிவப்புச் சோடாவில் ஒரு புட்டி இதற்கும் உறிஞ்சுகுழலோடு வைத்தாள். பயாஸ் தேதி கேட்டது. நாள், போட்டான். மாதம், போட்டான். வருஷம். அவன் கை காலையிலிருந்து வருகைப் பதிவேட்டில், வண்டிச் சீட்டில், டீசல் ரசீதில் எந்த வருஷத்தை எழுதிக்கொண்டிருந்ததோ அதையே போட்டது, 2564. புத்தர் கணக்கு. இந்த நாட்டில் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து பால் பாக்கெட் வரைக்கும் அந்தக் கணக்குதான். இயந்திரத்துக்கு அதெல்லாம் தெரியாது, அதற்கு வெள்ளைக்காரன் கணக்குதான், அதில் அது இன்னும் வராத வருஷம், வர ஐந்நூற்று நாற்பத்து மூன்று வருஷம் இருக்கிறது. எந்த இயந்திரமாவது, 'ஐயா, இது கொஞ்சம் அதிகமில்லையா?' என்று கேட்டிருக்கலாம். இது கேட்கவில்லை, நல்ல வேலைக்காரனைப் போல அந்தக் காலத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டது. அதன் கணக்கில் அக்கா செத்து ஐந்நூறு வருஷம், சந்தை செத்து ஐந்நூறு வருஷம், மாலை போட்ட சாமந்தியின் வம்சமே அற்றுப்போய்…

தெரியாமல் செய்ததைப் பற்றி ஒன்றுமில்லை, தெரியாமல் செய்ததற்கு எந்தக் கோர்ட்டிலும் மன்னிப்பு உண்டு. தெரிந்தது எப்போது? மறுவாரமே. நீர்மட்டப் பட்டியலில் வருஷம் 3107 என்று வந்தது, இயந்திரம் தன் பங்குக்கு இன்னொரு ஐந்நூற்று நாற்பத்து மூன்றைச் சேர்த்துக் காட்டிற்று. அன்றைக்குப் பயாஸைத் திறந்து நான்கு எண்ணை மாற்றியிருந்தால் போதும். அன்றைக்கு என்ன அவசரம்? மழை வந்தது, வண்டியில் மழைக்கோட்டு இல்லை, சீக்கிரம் கிளம்ப வேண்டும், அதனால் பட்டியல் போடுகிற நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தான், ஐந்நூற்று நாற்பத்து மூன்றைக் கழித்துக் காட்டு. கழித்துக் காட்டிற்று. திரையில் வருஷம் சரியாகிவிட்டது. கண்ணுக்குச் சரியாக இருந்தால் சரிதானே? நாலு வருஷம் சரியாகத்தான் இருந்தது, கொட்டகைக்குப் போன இந்த இயந்திரம் வேறெதோடும் இணையாமல் தனியாக இருந்தவரை அது எந்தக் காலத்தில் வாழ்ந்தால் யாருக்கு என்ன. இந்த ஜூலையில் மேலணையின் அளவுகளை அதனோடு இணைத்தார்கள். ஆகஸ்டில் ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டு முடித்த நேரம், மேலணையிலிருந்து தண்ணீர் ஏறுகிறது, ஏறுகிறது என்று பதினான்கு தடவை செய்தி வந்தது, இயந்திரம் தேதியைப் பார்த்தது, 2025, ஐந்நூற்று நாற்பத்து மூன்று வருஷத்துப் பழைய செய்தி, இதற்கெல்லாமா மணி அடிப்பார்கள் என்று பதினான்கையும் தூக்கிப் போட்டுவிட்டது. மணி அடித்தால் பெரியப்பா சந்தைச் சங்கை ஊதுவார். மணி அடிக்கவில்லை. பெரியப்பா சங்கு ஊதவில்லை. முன்பெல்லாம் அவரே கரைக்குப் போய் அளவுகோலைப் பார்ப்பார், 'இனிமே மிஷினே பாத்துக்கும் பெரியப்பா, நீங்க மணி அடிச்சா எந்திரிச்சாப் போதும்' என்று சொன்னவனும் நிருத்தான், நல்லதுக்குத்தான் சொன்னான், முழங்கால் வலி என்றாரே என்று.

மாகாணத்திலிருந்து வந்த அதிகாரி ஈரக் காற்சட்டையோடு நின்றுகொண்டு, 'மணி அடிச்சுதா?' என்று கேட்டார். யோசிக்க ஒரு நொடி கிடைத்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பான், அப்படித்தான் நம்புகிறான், ஆனால் வாய் யோசிப்பதற்கு முன்னால் இருக்கிறது, 'அடிச்சுதுங்க, நாலு நிமிஷம், பதிவுல இருக்கு.' நாலு நிமிஷம் ஏன்? மூன்று போதாதா? பொய்யில்கூட ஒரு நிமிஷம் கூடுதலாகப் போட்டுக் கொடுக்கிற தாராளம். பெரியப்பா அப்போது அவனை நிமிர்ந்து பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று பார்த்தான், வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், 'எவன்டா சொன்னான் அடிச்சுதுன்னு' என்று சட்டையைப் பிடித்திருந்தால் அன்றைக்கே எல்லாம் கொட்டியிருக்கும். அவர் மெல்ல ஒரு காதைத் தொட்டார். பிறகு இன்னொன்றை. 'அப்படியா' என்றார். அன்றிலிருந்து அவருக்குக் காது கேட்பதில்லை. மருத்துவமனையில் இரண்டு தடவை பார்த்துவிட்டுக் காதில் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். 'ஒண்ணுமில்லைன்னுதான் சொல்றாங்க, அப்ப மணிச் சத்தம் எங்க போச்சு?' என்று மருத்துவரையே கேட்டாராம். அவர் மனைவி இப்போது சோறு போடும்போதும் கத்துகிறாள், நாய்கூட அவரைப் பார்த்தால் இரண்டு தடவை குரைக்கிறது. பாம்புச் செவி மாதிரி இருந்த காது. கொட்டகைச் சுவரில் பல்லி முட்டையிடுவது கேட்கும் என்பார்கள். ஒரு வார்த்தையால் ஒருவரைச் செவிடாக்க முடியும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

"இந்தா நிருத், சூடு ஆறுது" என்று ஒரு பழம் தோளுக்கு மேல் நீண்டது. நெருப்பில் லேசாகக் கருகி, உப்புத் தண்ணீர் தெளித்தது. வாங்காமல் இருக்கலாம், வயிறு சரியில்லை என்று சொல்லலாம், நேற்று அப்படித்தான் சொன்னான், அதற்கு அவர் மாலையில் வீடு தேடி வந்து வயிற்றுக்கு ஏதோ வேர் கொடுத்துவிட்டுப் போனார். வாங்கிக்கொண்டான். தின்றான். இனித்தது, அதுதான் தாங்க முடியவில்லை.

"இதோ பாரு, நான் மாகாணத்து டெக்னீஷியனக் கூப்பிட்டுட்டேன்" என்றாள் அக்கா, தொலைபேசியைக் கீழே வைத்தபடி. "ஒன்றரைக்கு வராராம். உள்ள காசு அளவுல ஒரு பேட்டரி இருக்காம், அதைப் பிடுங்கிட்டுக் கொஞ்ச நேரம் விட்டா பாஸ்வேர்டு, அது இதுன்னு எல்லாம் மறந்துபோயிடுமாம். எல்லாமே! பச்சைக் குழந்தை மாதிரி ஆயிடுமாம். உனக்குத் தெரியாதா இது?"

தெரியும். ஏழு வாரமாகத் தெரியும். ஒரு திருகாணி, ஒரு நகம், அவ்வளவுதான், அந்த வருஷமும் போய்விடும், கடைசிச் சாட்சியும். எத்தனை நாள் திருப்புளியும் கையுமாக இதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். ஏன் பிடுங்கவில்லை? மாட்டிக்கொள்ளக்கூடாது என்று பாஸ்வேர்டு போட்டவன், அழித்திருக்க வேண்டியதுதானே? அழித்துவிட்டால் அப்புறம் இது நடந்தது என்பது தன் தலைக்குள் மட்டும்தான் இருக்கும், தன் தலையை நம்ப முடியாது, அது நாலு நிமிஷம் என்று சொல்லும்… ஒருவேளை யாராவது பார்க்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறானோ? யாராவது வந்து, திறந்து, 'என்னடா இது வருஷம்?' என்று கேட்கட்டும். தானாகச் சொல்வதைவிடப் பிடிபடுவது சுலபம், பிடிபட்டவனுக்குப் பேச்சைத் தொடங்குகிற வேலை இல்லை. அப்படியானால் அக்காவே பார்க்கட்டும். இப்போதே.

"இருங்கக்கா. பாஸ்வேர்டு… ஞாபகம் வந்துடுச்சு."

"தலைமையகத்துப் பாஸ்வேர்டு உனக்கு எப்படிடா ஞாபகம் வரும்?" என்றாள். ஆனால் அதற்குள் எழுந்து வந்துவிட்டாள், ஸ்டேப்ளரோடு. அவன் பொத்தானை அழுத்தினான், சோம்போங், பதினேழு, நட்சத்திரங்களாக விழுந்தன, கதவு திறந்தது. நீலப் பக்கம். தலைப்பிலேயே, வேறு எதுவும் தொடங்குவதற்கு முன்னால், வெள்ளை எழுத்தில் தேதியும் மாதமும் வருஷமும். 2568. நிருத் நாற்காலியைக் கொஞ்சம் ஒதுக்கினான், முழுத்திரையும் தெரியட்டும் என்று. மேசையில் ஆறிய காப்பிப் பையின் ரப்பர் வளையத்தைப் பார்த்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணினான்.

அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தாள். "இன்னைக்குப் பதினாலு, சரி. அக்டோபர், சரி. ரெண்டாயிரத்து ஐந்நூத்து அறுபத்தெட்டு, சரி." நிமிர்ந்தாள். "பரவாயில்லையே! இவ்வளவு அடி வாங்கியும் தேதி ஒரு நாள் பிசகல பாரு. நல்ல மிஷின்தான். ஆளுங்கதான் சரியில்ல." சொல்லிவிட்டுக் கைபேசியில் ஒரு படம் எடுத்தாள். "இதை அறிக்கையில சேத்துடறேன், கடிகாரம் சரியாத்தான் ஓடுதுன்னு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஏழு வாரமாக எதைப் பூட்டி வைத்திருந்தான்? இந்த நாட்டில் யார் பார்த்தாலும் சரியென்று தோன்றுகிற ஒரு தவறை. கதவைத் திறந்து போட்டிருக்கலாம், பெரிதாக்கி வாசலில் மாட்டியிருக்கலாம், ஊர் வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கும். பிடிபட வழியே இல்லை. எந்த அதிகாரியும், எந்த டெக்னீஷியனும், எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்கப்போவதில்லை. விடுதலை என்பது இதுதான் போலிருக்கிறது, உள்ளங்கை ஏன் இப்படி வேர்க்கிறது?

கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. காவல்காரனைத் தூங்க வைத்தான், சேமித்தான், வெளியே வந்தான். சிவப்புக் கட்டம் வரவில்லை, லினக்ஸ் வரி வரியாக ஓடிற்று, அக்கா கை தட்டினாள். ஜன்னலோரம் பெரியப்பா காதிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். ஓடிய வரிகள் நின்றன. வலையிலிருந்து இறக்க வேண்டியவை எதையும் லினக்ஸ் தொடமாட்டேன் என்றது, எல்லா முத்திரைகளும் காலாவதி, காலாவதியாகி ஐந்நூற்றுச் சொச்சம் வருஷம் ஆகிறது. சும்மா சொல்லக்கூடாது, முதல் தடவையாக ஒரு நேர்மையான பிறவி இந்த அறையில் வாயைத் திறந்திருக்கிறது. வேறு வழியில்லை. மறுபடி நீலப் பக்கம், வருஷத்தின் மேல் கட்டத்தைக் கொண்டுபோய், 2025 என்று அடித்தான்.

"ஏய் ஏய் ஏய், என்னடா பண்றே?" அக்கா பதறினாள். "சரியா இருந்ததைத் தப்பாக்கறே! இப்பத்தானே படம் எடுத்தேன்!"

"மிஷினுக்கு வெள்ளைக்காரன் கணக்குதான்க்கா வேணும். இல்லன்னா லினக்ஸ் ஏறாது."

"என்னமோ போ, நாலு மணிக்குள்ள ஏறினாச் சரி" என்று அவள் மேசைக்குத் திரும்பினாள். அவளுக்கு இது லினக்ஸின் பிடிவாதம், வெள்ளத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கண்ணாடியைத் தூக்கி அறிக்கையை எடுத்தாள், கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். வெளியே மாகாணத்து வண்டி வந்து நிற்கும் சத்தம். திரையில் வரிகள் மறுபடி ஓடத் தொடங்கின, இந்தத் தடவை நிற்கவில்லை, இயந்திரம் எழத் தொடங்கிவிட்டது.

பெரியப்பா நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பேனாவைக் காதிடுக்கில் செருகி, ஒரு பழத்தை உரித்தபடி திரையைப் பார்த்தார். "ஏன் நிருத், அப்ப இத்தனை நாளு அது எந்தக் கணக்குல இருந்துச்சு?"

சும்மா கேட்டார். குழந்தை கேட்பது போல. நிருத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான், லினக்ஸ் ஏறியது நாற்பது சதவீதம், நாற்பத்திரண்டு, மேலே மின்விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது, சர்வரின் மூச்சு வேறு, இந்தச் சத்தத்தில் நல்ல காதுக்கே கேட்காது. கேட்காமல் சொன்னாலும் சொன்னதுதானே? வாயை விட்டுப் போய்விட்டால் போதாதா, எங்கே போய் விழுந்தால் என்ன? உதட்டை அசைக்காமல், மூச்சைவிடக் கொஞ்சம் பெரிதாக, திரைக்குச் சொல்வது போலச் சொன்னான், "அன்னிக்கு மணி அடிக்கவே இல்ல பெரியப்பா. தப்பு என்னுது."

பழம் உரித்துக்கொண்டிருந்த விரல் நின்றது. தோல் பாதியில் தொங்கியது. அவன் திரும்பவில்லை, கண்ணோரத்தில் அந்த விரலை மட்டும் பார்த்தான். ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. விரல் நகரவில்லை. இந்தச் சத்தத்தில், இவ்வளவு மெல்லச் சொன்னது… அக்கா அங்கேயிருந்து, "பெரியப்பா! வண்டி வந்துடுச்சு! வாங்க!" என்று கத்தினாள், அவர் அதற்குத் திரும்பவேயில்லை.

மெல்லக் கையைத் தூக்கிக் காதைக் குவித்தார். அவன் வாய்க்கு நேராகக் கொண்டுவந்தார், மற்றவர்களிடம் செய்வதைவிடக் கொஞ்சம் நிதானமாக.

"ஆ?" என்றார். "சத்தமாச் சொல்லு."

கண் அவன் மேல் இல்லை, அக்காவின் மேலும் அவள் திருப்பி வைத்த கடைசிப் பக்கத்தின் மேலும் இருந்தது. ஐம்பத்தேழு சதவீதம். நிருத்தின் வாய் திறந்திருந்தது. யாருக்குக் கேட்பதற்காகச் சத்தமாகச் சொல்லச் சொல்கிறார் என்பது அவனுக்கு அப்போதுதான் புரியத் தொடங்கியது.